ஒரே அறையில் நான்கு பேர், கடி மட்டும் எனக்கா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில், பக்கிங்காம் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஆறு வயது மகன் நான்கு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறோம். விடிந்து பார்த்தால் எனக்கும் மகனுக்கும் கை கால் எல்லாம் தடிப்பு. மற்ற இருவருக்கும் ஒன்றுமே இல்லை. "உனக்கு ஓ பாசிட்டிவ், இனிப்பு ரத்தம்" என்கிறார் மாமியார். பூண்டு சாப்பிடு, பி-காம்ப்ளெக்ஸ் போடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். கொசுவின் மோப்பத்துக்கு ஒரு ஜீன் இருக்கிறது, அதை விஞ்ஞானிகள் நீக்கியும் காட்டிவிட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் அந்த மோப்பத்தை அடைக்கிற மருந்து கடையில் கிடைக்குமா? லிக்விட் மெஷின் ராத்திரி முழுக்க ஓடுகிறது, பயனில்லை.
— ஒரு வாசகி, வட சென்னை

பதில்: உங்கள் மகனிடமிருந்து தொடங்குகிறேன். உங்கள் கணக்கில் எனக்கு முதலில் இடிப்பது அவன்தான். ஆறு வயதுப் பிள்ளை விடும் மூச்சும் குறைவு, உடல் சூடும் மொத்தத்தில் குறைவு. பெரியவர்களும் குழந்தையும் ஒரே அறையில் படுத்தால் கொசு பெரும்பாலும் பெரியவர்கள் பக்கம்தான் போகும். பிறகு ஏன் அவனுக்கு இவ்வளவு தடிப்பு? நீங்கள் எண்ணியது கடியை அல்ல, தடிப்பை. கொசு எச்சிலில் உள்ள புரதங்களுக்கு நம் உடல் காட்டும் ஒவ்வாமைதான் தடிப்பும் அரிப்பும். சிறு பிள்ளைகளுக்கு அது பெரிதாகக் கிளம்பும். வருடக்கணக்காகக் கடிபட்ட பெரியவர்களில் பலருக்கு உடல் பழகிவிடும், புள்ளிகூடத் தெரியாது. உங்கள் மாமியார் ராத்திரி நிறையவே கடி வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. சாயங்காலம் கொசு வரும் நேரத்தில் மின்விசிறியை அணைத்துவிட்டு, நீங்களும் கணவரும் முழங்கால் வரை துணியை ஏற்றிக்கொண்டு இரண்டடி இடைவெளியில் உட்காருங்கள். கையில் ஆளுக்கொரு கொசு பேட். இருபது நிமிடத்தில் யார் காலில் எத்தனை வந்து உட்காருகிறது என்று எண்ணுங்கள். உட்கார்ந்ததும் தட்டிவிடுங்கள், கடிக்க விட வேண்டாம். பிறகு இடத்தை மாற்றிக்கொண்டு இன்னொரு இருபது நிமிடம். இடம் மாறுவதை விட்டுவிடாதீர்கள்: ஜன்னல் காற்று உங்கள் மேல் பட்டு அவர் பக்கம் போகிறதா, அவர் மேல் பட்டு உங்கள் பக்கம் வருகிறதா என்பதே எண்ணிக்கையை மாற்றிவிடும். இரண்டு மூன்று நாள் செய்து பார்த்தும் உங்கள் காலில்தான் அதிகம் என்றால், உங்களைக் கொசுவுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். மகனை இந்தச் சோதனைக்கு உட்கார வைக்க வேண்டாம்.

அப்படிப் பிடித்துப்போவது கற்பனை இல்லை, நிஜம். நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி வோஸ்ஹால் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொருவரும் முன்கையில் நைலான் உறையை ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். அதை வெட்டி எடுத்த துண்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிர் குழாயில் வைத்து, மேலே காற்றை ஊதி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுக்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று எண்ணினார்கள். ஆளே இல்லை, வெறும் நைலான் துண்டு. அதிலேயே மிக அதிகம் ஈர்த்தவருக்கும் மிகக் குறைவாக ஈர்த்தவருக்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். சில ஆண்டுகள் கழித்துச் சோதித்தும் வரிசை பெரிதாக மாறவில்லை. அதிகம் ஈர்த்தவர்களின் தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் கூடுதலாக இருந்தன. தோலின் எண்ணெய்ப் பசையும் அதை உண்டு வாழும் பாக்டீரியாக்களும் சேர்ந்து உண்டாக்குவது இது. குளித்தால் போய்விடும், சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும்.

இதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. லண்டனில் இரட்டையர்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2015-இல் வந்தது. உருவம் ஒத்த இரட்டையர் 18 ஜோடி, ஒத்திராதவர் 19 ஜோடி. ஒத்த இரட்டையர்களின் கை வாசனை கொசுவுக்கு ஏறத்தாழ ஒரே அளவில் பிடித்தது. மற்றவர்களிடம் அந்த ஒற்றுமை குறைவு. சிறிய ஆய்வுதான், எண்ணை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. "எதைச் சாப்பிட்டால் இது மாறும்" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஏன் எப்போதும் ஏமாற்றமாக இருக்கிறது என்பதும் இதிலிருந்தே புரியும்.

இனி நீங்கள் கேட்ட ஜீன். நீங்கள் படித்தது உண்மை, ஆனால் பாதி உண்மை.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டைக்கு அதற்கு ரத்தப் புரதம் வேண்டும். அதன் உணர்கொம்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் நுண்ணிய மயிர்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு மயிரிலும் சல்லடை போல ஓட்டைகள். வாசனை மூலக்கூறு அந்த ஓட்டை வழியாக நுழைந்து, உள்ளே இருக்கும் திரவத்தில் கலந்து, நரம்பின் நுனியில் உள்ள ஏற்பியைத் தொடும். ஏற்பி என்பது ஒரு புரதம். அதற்கான குறிப்புதான் ஜீனில் இருக்கிறது. ஏடிஸ் எஜிப்தியின் முழு மரபணுத் தொகுதியை 2018-இல் சீராக அடுக்கி முடித்தபோது, இந்த வேலைக்கென்று மூன்று பெரிய குடும்பங்கள் இருப்பது எண்ணிக்கையோடு தெரிந்தது: ஓஆர் குடும்பத்தில் 117 ஜீன், ஐஆர் குடும்பத்தில் 135, ஜிஆர் குடும்பத்தில் 72.

ஓஆர் குடும்பத்தில் எந்த ஏற்பியும் தனியாக வேலை செய்யாது. ஆர்கோ என்ற ஒரு புரதத்தோடு கூட்டுச் சேர்ந்தால்தான் வாயில் திறக்கும். ஆகவே ஆர்கோவை முடக்கினால் 117-ம் மொத்தமாகப் படுத்துவிடும். 2013-இல் வோஸ்ஹால் குழுவினர் செய்தது இதைத்தான். பலன்? அந்தக் கொசுக்களுக்கு மனிதனுக்கும் கினி பன்றிக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை. ஆனால் மூச்சுக் காற்றின் கரியமில வாயுவும் சேர்ந்து வந்தபோது, மனிதனைத் தேடி வழக்கம்போல் வந்தன.

அடுத்து கரியமில வாயு. அதை உணர்வது ஜிஆர் குடும்பம்; உறிஞ்சு குழலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டைத் தண்டுகளில் இருக்கிறது. நாம் விடும் மூச்சில் இந்த வாயு சுமார் 4 சதவீதம், வெளிக்காற்றில் 0.04 சதவீதம்தான். பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தே கொசுவை எழுப்பிவிடுவது இதுதான். ஜிஆர்3 ஜீனை நீக்கிய கொசு கரியமில வாயுவை அறவே உணரவில்லை. ஆனாலும் சிறிய கூண்டில் மனிதக் கையை விட்டால் நன்றாகவே கடித்தது. பெரிய திறந்த கூடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறியது. மூன்றாவது, ஐஆர்8ஏ. இது வியர்வையின் லாக்டிக் அமிலத்தைப் பிடிப்பது. புளோரிடாவில் மேத்யூ டீஜெனாரோ குழு 2019-இல் இதை நீக்கியபோது மனிதனிடம் உள்ள ஈர்ப்பு சுமார் பாதி குறைந்தது. பாதிதான். நைலான் துண்டு ஆய்வில் இந்தக் குறைபாடுள்ள கொசுக்களையும் விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கும்கூட அதிகம் ஈர்ப்பவர் யார், குறைவாக ஈர்ப்பவர் யார் என்று பிரித்தறியத் தெரிந்தது.

மெயின் கரண்ட் போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் எமர்ஜென்சி லைட் என்று வைத்திருக்கிறது கொசு. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வு இதற்கு அடிப்படைக் காரணத்தையே காட்டியது. பழ ஈயிடமும் எலியிடமும் ஒரு நரம்புக்கு ஒரு வகை ஏற்பி என்பதுதான் பாடப்புத்தக விதி. ஏடிஸிடம் ஒரே நரம்பில் பல ஏற்பிகள், அதுவும் வெவ்வேறு குடும்பத்து ஏற்பிகள், ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றை அடைத்தாலும் அந்த நரம்பு இன்னொன்றின் வழியாகச் செய்தியை அனுப்பிவிடும்.

அதனால் "மோப்பத்தை அடைக்கும் மருந்து" என்று ஒற்றைப் பொருளாக எதுவும் கடையில் இல்லை. அந்தப் பெயரில் யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஜீனை நீக்கியது சோதனைக்கூடக் கொசுவில், அதன் முட்டைக்குள் ஊசி போட்டு. உங்கள் தெருக் கொசுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மனித வாடைக்கு இந்தக் கொசு எப்படிப் பழகியது என்பதற்கும் ஜீனில் தடயம் உண்டு. கென்யாவின் ரபாய் பகுதியில் காட்டில் வாழும் ஏடிஸ் விலங்குகளை விரும்பும். ஊருக்குள் வாழும் ஏடிஸ் மனிதனை விரும்பும். இரண்டையும் ஒப்பிட்ட லிண்டி மெக்பிரைட் 2014-இல் காட்டியது: ஊர்க் கொசுவிடம் ஓஆர்4 என்ற ஏற்பி அதிகம் உற்பத்தியாகிறது, கூர்மையாகவும் இருக்கிறது. அது பிடிக்கும் வாசனை சல்கடோன். மனிதத் தோலில் அது தாராளம். நம் ஊர் டிரம்மில் வளர்வதும் ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய அந்த ஊர்க் கொசு வம்சம்தான்.

பூண்டு, பி-காம்ப்ளெக்ஸ் இரண்டையும் முறையாகச் சோதித்துவிட்டார்கள். கொசுவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பூண்டு குழம்பு ருசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தப் பிரிவு பற்றிச் சில சிறிய ஆய்வுகள் ஓ பிரிவின் பக்கம் சாய்கின்றன, வேறு சில சாயவில்லை. எப்படி இருந்தாலும் தோலின் அமிலம் உண்டாக்கும் வித்தியாசத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது. "இனிப்பு ரத்தம்" என்பதற்கு ஆதாரமே இல்லை; கொசு தேர்ந்தெடுப்பது ரத்தத்தைச் சுவைப்பதற்கு முன்பே. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் என்று பிளக்கில் சொருகும் கருவியும், செல்போன் ஆப்பும் சுத்த வீண். சோப்பு கொஞ்சம் சுவாரஸ்யமானது. 2023-இல் அமெரிக்காவில் நான்கு சோப்புகளை வைத்துச் சோதித்ததில், ஒரே சோப்பு ஒருவரிடம் ஈர்ப்பைக் கூட்டியது, இன்னொருவரிடம் அப்படிச் செய்யவில்லை. ஆகவே "இந்த சோப்பு போடு" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. வாசனை அதிகமான சோப்பையும் பவுடரையும் சில நாள் நிறுத்திப் பார்க்கலாம், செலவில்லை.

என்ன செய்வது என்று முடிவு செய்வதற்கு முன் எந்தக் கொசு என்று தெரிய வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் ஏடிஸில் நடந்தவை. கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி, ராத்திரி தூக்கத்தில் கடிக்கிறது என்றால் உங்கள் அறையில் இருப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். பழுப்பு நிறம், காலில் பட்டை இருக்காது, சாக்கடை நீரில் பெருகும், யானைக்கால் நோயைப் பரப்பும். காலை வெயில் ஏறும்போதும் சூரியன் சாயும் முன்பும் கணுக்காலில் சத்தமில்லாமல் கடிக்கிற, காலில் வெள்ளைப் பட்டை உள்ள கறுப்புக் கொசு ஏடிஸ். டெங்கு, சிக்குன்குனியா இதனால். மூன்றாவது, சுவரில் உடலைச் சாய்த்து, பின்பக்கம் தூக்கி உட்கார்வது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. கிணற்றிலும் மொட்டை மாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீரில் வளரும், மலேரியா இதனால். வட சென்னையின் பழைய வீடுகளில் மூடாத கிணறு இன்னும் இருப்பதால் இதை மறக்கக் கூடாது.

கியூலெக்ஸுக்கு முதல் மருந்து கொசுவலை. வாங்கும்போது கண்ணியின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகுங்கள். வலைக்குள் படுத்தும் கடி விழுகிறது என்பவர்களில் பலருக்குக் காரணம் கையோ காலோ வலையைத் தொட்டுக்கொண்டிருப்பது. வெளியே உட்கார்ந்தபடியே கொசு குழலை உள்ளே விட்டுவிடும். நான்கு பேருக்கு ஒரு சிறிய வலையைக் கட்டாதீர்கள். தரையில் படுப்பவர்களுக்கு, சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு விழுகிற அளவு வேண்டும். மகனை நடுவில் படுக்க வையுங்கள்.

அடுத்தது மின்விசிறி. இதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை, ஆனால் விலைக்கு ஏற்ற பலன் இதில்தான் அதிகம். கொசு வேகமாகப் பறக்கும் பூச்சி அல்ல. வினாடிக்கு ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் பறக்கும், எதிர்க்காற்றில் திணறும். அதைவிட முக்கியம், நீங்கள் விடும் மூச்சும் தோல் வாடையும் காற்றில் ஒரு கோடாகப் போய்க் கொசுவை இழுப்பதை விசிறி கலைத்துவிடுகிறது. மேலே சுற்றும் விசிறி நடு அறைக்குத்தான் உதவும், ஓரத்தில் படுத்தவரின் காலுக்கு எட்டாது. ஒரு டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் கால் பக்கமிருந்து ஊதவிடுங்கள்.

லிக்விட் மெஷின் ஏன் பயனில்லை? அது மோப்பத்தோடு சம்பந்தப்பட்டது அல்ல. பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது டிரான்ஸ்ஃப்ளூத்ரின். கொசுவின் நரம்பில் உள்ள சோடியம் வாயிலைத் திறந்தபடியே நிறுத்தி வலிப்பு வரவைக்கும் விஷம். அந்த வாயிலின் ஜீனில் மாற்றம் வந்த கொசுக்களுக்கு இந்தக் குடும்பத்து விஷம் சரியாக ஏறாது. ராத்திரி முழுக்க ஓட்டுவதால் இது சரியாகாது. மெஷினைக் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ சொருகியிருந்தாலும், ஜன்னல் காற்று எதிர்த்திசையில் இருந்தாலும் ஆவி படுக்கைக்கு வராது. காற்று உள்ளே வரும் பக்கம் சொருகி, படுப்பதற்கு அரை மணி முன்பே போட்டு, மூலைகளையும் கொடியில் தொங்கும் துணிகளையும் ஒருமுறை உதறிவிடுங்கள். பகலில் கொசு ஒளிந்திருப்பது அங்கேதான், அதிலும் அடர்நிறத் துணிகளுக்குள். அதற்குப் பிறகும் கொசு விழவில்லை என்றால் அந்தச் செலவை நிறுத்திவிட்டு வலைக்குப் போடுங்கள். கொசுவர்த்திப் புகை மூடிய அறையில் குழந்தை இருக்கும்போது வேண்டாம்.

தோலில் தடவும் க்ரீமுக்கு வருகிறேன், உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆர்கோ இல்லாத அந்தக் கொசுக்களிடம், டீட் என்ற கொசு விரட்டி மருந்தைத் தடவிய கையை நீட்டினார்கள். டீட்டின் வாடை அவற்றை விரட்டவில்லை. நேரே வந்து உட்கார்ந்தன. உட்கார்ந்ததும் கடிக்காமல் எழுந்து போய்விட்டன. பிறகு 2019-இல் தெரிந்தது, டீட்டைத் தொட்டுணர்வது கொசுவின் கால்கள் என்று. ஆக இது இரண்டு வழியில் வேலை செய்கிறது: வாடையாகவும், கால் பட்ட இடத்திலும். வாடையின் எல்லை மிகக் குறுகியது. ஆகவே பொட்டு வைப்பது போல அங்கங்கே தடவினால் தடவாத இடத்தில் கடி விழும். துணிக்கு வெளியே தெரியும் தோல் முழுக்க, குறிப்பாகக் கணுக்கால், பாதத்தின் மேற்புறம், முழங்கையின் பின்பக்கம், காது மடலின் பின்புறம், மெல்லிய பூச்சாக இடைவெளி இல்லாமல் தடவ வேண்டும். வியர்த்தால், குளித்தால் போய்விடும், மறுபடி போடுங்கள்.

நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ட்யூப் க்ரீமில் இருப்பது டீட் அல்ல, அதன் நெருங்கிய உறவான டைஎத்தில் பென்சமைடு, பெரும்பாலும் 12 சதவீதம். சாயங்காலம் சில மணி நேரத்துக்கு அது போதும். டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் இன்னும் நீண்ட நேரம் தாங்கும். டீட் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடாது. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் என்று போட்டிருப்பது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடாது. உங்கள் மகனுக்கு இரண்டுமே போடலாம். ஆனால் அவன் கையில் ட்யூபைக் கொடுக்காதீர்கள். உங்கள் உள்ளங்கையில் எடுத்து நீங்கள் தடவுங்கள். அவனுடைய விரல்கள், கண், வாய் ஓரம், சொறிந்து புண்ணான இடம் எதிலும் வேண்டாம். வலைக்குள் படுக்கும் முன் கழுவிவிடலாம். வேப்பெண்ணெய்யைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவது கொஞ்ச நேரம் உதவும். சிட்ரோனெல்லா வேகமாக ஆவியாகிவிடும், ஒரு மணி நேரத்தைத் தாண்டி நம்ப வேண்டாம்.

உடை விஷயத்தில் ஒரு வரி. கரியமில வாயு மோப்பம் பிடித்த பிறகு ஏடிஸ் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு நிறங்களை நோக்கிப் போகிறது. வெள்ளையையும் பச்சையையும் கண்டுகொள்வதில்லை. சாயங்காலம் மகனுக்கு வெளிர் நிற முழுக்கால் பேன்ட் போடுங்கள்.

தண்ணீர். லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் எப்போது வரும் என்று தெரியாத தெருவில் டிரம்மில் பிடித்து வைக்காதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிடித்து வையுங்கள், ஆனால் ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, டிரம்மின் உள் சுவரில், மிளகாய் விதை அளவுகூட இல்லாத கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள் டிரம் காலியாகும் நேரம் பார்த்து, தேங்காய் நாரும் சோப்புத் தூளும் போட்டு உள் சுவரை, முக்கியமாக விளிம்புக்குக் கீழே ஒரு சாண் அகலத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பொரிந்து பறக்கும் கொசுவாக நம் வெயிலில் ஏழெட்டு நாள் போதும், அதனால்தான் வாரம் ஒருமுறை. டிரம் வாயில் பழைய வேட்டித் துணியைப் போர்த்தி ரப்பர் ட்யூபால் இறுக்கிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியில் எப்படியும் இடுக்கு இருக்கும். ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டை மறக்காதீர்கள்.

கால்வாயிலும் மழைநீர் வடிகாலிலும் வளரும் கியூலெக்ஸை வீட்டிலிருந்து ஒழிக்க முடியாது. மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லுங்கள். "கொசு அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் தெருவில் புகை அடித்துவிட்டுப் போவார்கள். பறக்கும் கொசு சாகும், புழு அப்படியே இருக்கும். எந்த வடிகால், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், தண்ணீர் எத்தனை நாளாக நகராமல் நிற்கிறது என்று குறிப்பிட்டுச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். மலேரியா பணியாளர் வரும்போது அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் மொண்டு வெளிச்சத்தில் காட்டுங்கள். புழு தலைகீழாகச் சரிந்து தொங்கினால் கியூலெக்ஸோ ஏடிஸோ. நீரின் மேல் படிந்து கிடைமட்டமாகக் கிடந்தால் அனோபிலிஸ், அப்போது பக்கத்தில் எந்தக் கிணறு, எந்தத் தொட்டி திறந்து கிடக்கிறது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.